நூற்றிருபது அடி

ஜனவரி 20, ஞாயிறு

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஒரு ஏர் ரைஃபிள் கிடைத்தது. வால்பாறைப் பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்த சாமான்களில் ஒன்றாம். உடைந்த மிக்ஸிக்கும் தையல் மெஷின் தலைக்கும் நடுவில் கிடந்தது. பேரலைக் கீழே மடக்கினால் ஸ்பிரிங் ஏறுகிற வகை. இங்கிலாந்தில் செய்தது, எழுபது எண்பது வயதிருக்கும். மடக்கிப் பார்த்தேன், உள்ளே கடகடவென்றது. ஸ்பிரிங் உடைந்திருக்கிறது.

கம்பெனியில் டூல் ரூமுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆக்கியதிலிருந்து மிச்ச நாலு நாளும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் பம்பு செட்டுக்கு டை அச்சு செய்த கை இது. சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

என் மனைவி வசந்தாமணி பார்த்ததும், அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்றாள். மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். எந்த வேலையை எடுத்தாலும் தேதி போட்டுக் குறித்துவைப்பது டூல் ரூம் பழக்கம். இந்த நோட்டு அதற்குத்தான்.

ஜனவரி 22, செவ்வாய்

முழுவதும் கழற்றினேன். ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் உள்ளே கொஞ்சம் இழுவை மிச்சம் இருக்கும், பின்மூடியைத் திறக்கிற நேரத்தில் முகத்துக்கு வந்துவிடும். அதனால் பலகையில் வைத்துக் கிளாம்ப் போட்டு, அரை மரையாகக் கழற்றினேன். அப்படியும் வியர்த்துவிட்டது.

ஸ்பிரிங் இரண்டு துண்டு. பிஸ்டன் தலையில் இருக்கும் தோல் வாஷர் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பேரல் வாயில் இருக்கும் சின்ன வாஷரும் போய்விட்டது. ட்ரிகர் கொக்கி தேய்ந்திருக்கிறது. ஆனால் பேரலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், குண்டைச் சுழற்றிவிடுகிற மரைக்கோடு நேற்றுப் போட்டது போல் இருக்கிறது. அந்தக் காலத்து வேலை.

தெருமுனை ஓட்டு வீட்டு மாரப்பனிடம் தோல் கேட்டேன். கோயில் நோம்பி, திருவிழாக்களில் பலூன் சுடுகிற கடை போடுகிறவர். அவருடைய மூன்று துப்பாக்கிக்கும் வாஷர் அவரே வெட்டிக்கொள்கிறார். நல்ல எருமைத் தோலாக ஒரு துண்டு கொடுத்தார். எண்ணெயில் இரண்டு நாள் ஊற வையுங்கள் என்றார். கேட்காமலேயே ஒரு டப்பா நிறையக் குண்டும் கொடுத்தார். ஈயக் குண்டு, இடுப்பு ஒடுங்கினது.

ஜனவரி 27, ஞாயிறு

கொக்கியின் முனையில் வெல்டு வைத்து, அரம் போட்டு, சூடேற்றி எண்ணெயில் இறக்கினேன். பேரலின் துருவை மண்ணெண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எடுத்தேன். மரக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் மூன்று பூச்சு.

ஜெபமணி வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனை, அதைத் தாண்டி அவள் வீடு. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி ஊசிப் பூவேலை செய்கிறவள். முப்பத்தைந்து வயது, அம்மா எஸ்தரோடு தனியாக இருக்கிறாள். வசந்தாமணியின் ரவிக்கையைக் கொடுக்க வந்தவள், துப்பாக்கியைப் பார்த்து யாரைச் சுடப்போகிறீர்கள் அண்ணா என்று சிரித்தாள். யாரையும் இல்லை, சும்மா ரிப்பேர் என்றேன்.

பிப்ரவரி 1, வெள்ளி

கல்கத்தாவிலிருந்து ஸ்பிரிங் பார்சல் வந்தது. பழையது இரண்டு துண்டையும் சேர்த்து முப்பத்தொரு சுற்று. இது முப்பத்துமூன்று. கம்பியும் கொஞ்சம் கனம் கூட. இரண்டு சுற்று வெட்டி, முனையைச் சூடாக்கி மடக்கிப் போடவேண்டும். வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் அப்படியே போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஸ்பிரிங் வெட்டாமல் போட்டேன். மடக்குவதற்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. மொட்டை மாடியில் மணல் பெட்டி வைத்து நான்கு குண்டு சுட்டேன். நான்கும் மணலைத் தாண்டிப் பலகையில் இறங்கியிருக்கின்றன. வேலை முடிந்தது.

நாலே முக்காலுக்குக் கீழே வந்துவிட்டேன். காபி குடித்தேன்.

பிப்ரவரி 4, திங்கள்

நேற்று மாலை ஜெபமணிக்குக் கண்ணில் அடிபட்டுவிட்டதாம். மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில். இடது கண். எஸ்தர் அம்மா ஐந்தே காலுக்கு மாடிக்குப் போய்ப் பார்த்து, ஆட்டோ வைத்துத் தூக்கிப்போயிருக்கிறார்கள். வசந்தாமணி காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

கம்பெனிக்குப் போனேன். மில்லிங் மெஷினில் ஒரு வேலையைக் கெடுத்தேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாரப்பன் எதிரே வந்தார். துப்பாக்கி என்ன ஆச்சு சார் என்று கேட்டார். ஸ்பிரிங் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

பிப்ரவரி 5, செவ்வாய்

கண்ணுக்குள்ளிருந்து ஈயக் குண்டு ஒன்றை எடுத்திருக்கிறார்கள்.

சுட்டது நான்கு அல்ல, ஐந்து. ஐந்தாவது பெட்டியில் படவில்லை. கை நழுவி மேலே போயிருக்கலாம். மேலே போனது எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? மாரப்பனும் தன் வாசலில் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கிறவர்தான். இந்தப் பக்கம் வேறு யாரிடமாவது இருக்கலாம். கோயமுத்தூரில் ரைஃபிள் கிளப்பே இருக்கிறது.

துப்பாக்கியைக் கழற்றிவிட்டேன். பேரல் பரண்மேல் பொங்கல் பானைக்குப் பின்னால். மரக்கட்டை கட்டிலுக்கு அடியில். ஸ்பிரிங்கும் பிஸ்டனும் டிபன் பையில்.

பிப்ரவரி 6, புதன்

ஸ்பிரிங்கைக் கம்பெனிக்கு எடுத்துப்போனேன். ஸ்கிராப் தொட்டியில் போட்டால் சாயங்காலம் லாரியில் உருக்கப் போய்விடும். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னார். பத்து வருஷமாகப் பார்க்கிற ஆள், ஒரு நாளும் கேட்டதில்லை. டிபன் டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கீழே இருந்த ஸ்பிரிங்கைத் தொட்டு, என்ன இது என்றார். வால்வு ஸ்பிரிங், மாதிரிக்குக் கொண்டுவந்தேன் என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

தொட்டியருகே மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் யாரோ பார்ப்பது போலிருந்தது. திரும்பி எடுத்துவந்துவிட்டேன். வரும்போதும் அதே கேட். ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 7, வியாழன்

தெருவில் பைக் சத்தம் நின்றாலே எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். இன்று மதியம் ஜீப் வந்தது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். மாரப்பன் வீட்டு முன் நின்றது. மூன்று துப்பாக்கியையும் சாக்கில் சுற்றி எடுத்துப்போனார்கள். அவரையும்.

ஜீப் அங்கே நின்றதும் எனக்கு மூச்சு வந்தது. அதை எழுதாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

மாரப்பனைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். தினமும் காலையில் போய் ஸ்டேஷனில் உட்காரவேண்டுமாம். துப்பாக்கி மூன்றும் அங்கேயே. கோனியம்மன் தேர் வரப்போகிறது. வருஷத்தில் பெரிய நோம்பி அவருக்கு அதுதான். தெருவில் அவர் வீட்டுப் பக்கம் யாரும் நிற்பதில்லை. அவர் மனைவிக்குக் குழாயடியில் யாரோ குடத்தை நகர்த்திக்கூட இடம் விடவில்லையாம். வசந்தாமணி சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பேப்பரைப் பிரித்தேன்.

கை நழுவவில்லை. ஐந்தாவதை நான் பெட்டிக்குச் சுடவே இல்லை.

ஜெபமணி வீட்டு மாடியில் ஒரு பழைய எண்ணெய் டின் கவிழ்த்து வைத்திருந்தது. எங்கள் கைப்பிடிச் சுவரிலிருந்து நூற்றிருபது அடி இருக்கும். மணலில் சுட்டால் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. டின்னில் பட்டால் டங்கென்று கேட்கும். இந்த ஸ்பிரிங்குக்கு அவ்வளவு தூரம் போகுமா என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான். கொடியில் படுக்கை விரிப்பு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஆள் இருந்தது தெரியாது.

டங்கென்று கேட்கவில்லை.

பிப்ரவரி 9, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று வசந்தாமணி கூட்டிப்போனாள். ஆரஞ்சு வாங்கிப்போனோம். ஜெபமணி ஒருபக்கமாகப் படுத்திருந்தாள், பாதி முகம் கட்டு. வாங்க அண்ணா என்றாள். ஆரஞ்சுப் பையைக் கட்டிலருகே வைத்தேன். எஸ்தர் அம்மாதான் பேசிக்கொண்டிருந்தார். கீழே டிவி சத்தமாக வைத்திருந்தேன், பிள்ளை மேலே விழுந்துகிடந்தது தெரியாமல் போயிற்றே என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

இடது கண் பார்வை வராது. வெளியே வந்து வசந்தாமணி டாக்டரிடம் கேட்டாள். கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று. அந்தக் காயத்துக்கு அரை மணி நேரத்தில் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர்.

அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். பிரஷரா என்று நர்ஸ் கேட்டார்.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஒன்றும் இல்லை. தண்ணீர் மோட்டாருக்குக் கிரீஸ் வைத்தேன். மாடிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

மாரப்பன் காலையில் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், நீங்க மெஷின் தெரிஞ்சவரு. என்ற துப்பாக்கிக்கு அத்தன வேகம் இல்லீன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லோணுங். நான் சொன்னா நம்ப மாட்டீங்கறாங்க. பத்தடியில பலூன் ஒடையறதே பெரிசு, அது எங்கீங் சார் அந்த மாடிக்குப் போகும்?"

நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"தெருவுல வேற யார்கிட்ட துப்பாக்கி இருக்குதுன்னு கேட்டாங்க. உங்களோடது இன்னும் வேலையே ஆகலீன்னு நீங்க சொன்னீங்கல்ல. அதனால உங்க பேர நான் எடுக்கவே இல்லீங்."

வசந்தாமணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வருகிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

பதினோரு மணிக்கு ஸ்டேஷன். எஸ்.ஐ. ஒரு பெண், சின்ன வயது, பொறுமையாகப் பேசுகிறார். பின்பக்கக் காலி இடத்தில் எண்பது அடி அளந்து, குண்டு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க ஒரு சலவை சோப்பை நிறுத்தினோம். மாரப்பன் வீட்டிலிருந்து ஜெபமணி மாடி அவ்வளவு தூரம்தான். மூன்று துப்பாக்கியிலும் நானே சுட்டேன். இரண்டின் குண்டு சோப்புக்கு முன்னாலேயே மண்ணில் விழுந்தது. மூன்றாவது சோப்பில் பட்டு, நகம் கீறின மாதிரி ஒரு தடம் விட்டுக் கீழே விழுந்தது. எஸ்.ஐ. சோப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

உள்ளே வந்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் முன் வைத்தார். டாக்டர் எடுத்த குண்டு. இதைப் பார்த்து ஏதாவது சொல்ல முடியுமா என்றார்.

சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் லென்ஸைக் கண்ணில் மாட்டினேன். உறையை மேஜைமேலேயே வைத்துக் குனிந்து பார்த்தேன். மூக்கு நசுங்கியிருந்தது. பின்னால் விரிந்த பாவாடைப் பக்கம் சேதம் இல்லை. அதில் சாய்வாக, ஒரே இடைவெளியில், மெல்லிய கோடுகள். மரையில் சுழன்று வந்த கோடுகள். அந்தப் பேரலை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவன் நான்.

இது மாரப்பன் துப்பாக்கியில் வந்ததல்ல என்றேன். எப்படி என்று கேட்டார். அவருடைய பேரல்கள் வெறும் குழாய் மாதிரி, மரை தேய்ந்துபோனவை, இந்தக் கோடு விழாது என்று விளக்கினேன். டார்ச் அடித்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். அப்படியானால் மரை உள்ள துப்பாக்கி யாரிடம் இருக்கும் என்றார்.

ரைஃபிள் கிளப்பில் கேட்டால் தெரியலாம் என்றேன்.

எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார். ஆளைக் கண்டுபிடிக்கும்வரை மூன்று துப்பாக்கியும் இங்கேதான் இருக்கும், ஆனால் மாரப்பன் இனி தினமும் வரவேண்டாம் என்றார். வெளியே வந்ததும் மாரப்பன் ரோட்டிலேயே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிப்ரவரி 13, புதன்

கம்பெனிக்குப் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

மதியம் வசந்தாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்டேஷனில் நடந்ததை மாரப்பன் மனைவி அவளிடம் சொல்லியிருக்கிறாள். சார் எவ்வளவு நல்லவர், குண்டைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார் என்று.

"கோடு போட்ட பேரலு நம்ம வீட்லதானுங்க இருக்குது" என்றாள்.

நான் எழுந்து வாசல் கதவைச் சாத்தினேன்.

"அன்னைக்கு நான் கீழ அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தேன். அஞ்சு சத்தம் கேட்டுச்சு. நாலு சத்தத்துக்கு அப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. அப்பறம் ஒண்ணு. உடனே நீங்க எறங்கி வந்துட்டீங்க. காபி கேட்டீங்க. டம்ளர் பிடிக்க முடியல உங்களுக்கு. பத்து நாளா நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கறேன்."

சொன்னேன். டின்னைச் சுட்டதையும் ஸ்பிரிங்கை வெட்டாமல் போட்டதையும் சொன்னேன். தெரியாமல் நடந்தது என்றேன். அவள் ரொம்ப நேரம் அழுதாள். பிறகு எழுந்து பரண்மேல் ஏறி, பானையை நகர்த்தி, பேரலை எடுத்துக் கொடுத்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். பேரல், மரக்கட்டை, ஸ்பிரிங், பிஸ்டன், கொக்கி, எல்லாம் ஒரே பையில். எஸ்.ஐ. மேஜைமேல் அதைப் பரப்பினேன். அவர் பேரலை எடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். அன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்துகொண்டு கிளப்பில் கேளுங்கள் என்று சொன்னவர் நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். கேஸ் போட்டு, ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள்.

ஸ்டேஷனிலிருந்து சொல்லியனுப்பி, மாரப்பன் துப்பாக்கியை வாங்க வந்தார். என்னைப் பார்த்தார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பிப்ரவரி 15, வெள்ளி

எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். டூல் ரூமில், தெருவில், மச்சினன் போனில். தெரியாமல் நடந்ததுதானே, நீங்களாகப் போய் ஒத்துக்கொண்டீர்களே, வேறு யார் செய்வார்கள் என்கிறார்கள். வசந்தாமணிகூட இன்று சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினாள்.

அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடிக்கொண்டே போகிறது. ஸ்டேஷனுக்குப் போனால் குறையும் என்று நினைத்தேன்.

ஜெபமணி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிப்ரவரி 16, சனி

இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

டங்கென்று கேட்கவில்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் வேறு சத்தம் கேட்டது. யாரோ தும்மின மாதிரி ஒரு சத்தம். விரிப்பு அசைந்தது. விரிப்புக்குப் பின்னாலிருந்து ஜெபமணி வெளியே வந்தாள், முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு. இரண்டு அடி வைத்தாள், உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் சிவப்பாக இருந்தது. அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது.

நான் கைப்பிடிச் சுவருக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

அவள் கூப்பிட்டாள். அம்மா என்று இரண்டு தடவை. பிறகு யாராவது வாங்களேன் என்று. சத்தமாக இல்லை. குனிந்தபடியே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். இறங்கும்போது இன்னொரு தடவை கேட்டது. படிக்கதவைச் சாத்தினேன். காபி குடித்தேன். எஸ்தர் அம்மா ஐந்தே காலுக்கு மாடிக்குப் போனார்கள்.

நாலே முக்காலிலிருந்து ஐந்தே கால்வரை.

பிப்ரவரி 17, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு ஜெபமணி வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கப் போனது. வீட்டுக்குள் ஜன்னலோரம் ஆரிச் சட்டம் துணியோடு அப்படியே நின்றது, பாதி தைத்த மயிலோடு. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி. ஊசியில் ஆழம் தெரியவில்லையாம், துணிக்கு மேலேயே குத்துகிறாளாம். எஸ்தர் அம்மா அதைச் சொல்லும்போது ஜெபமணி தடுத்துவிட்டாள்.

என்னால் ஆன எல்லாவற்றையும் செய்கிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எஸ்தர் அம்மா டீ போட உள்ளே போனார். வசந்தாமணியும் கூடப் போனாள்.

அவர்கள் போனதும் ஜெபமணி கேட்டாள்.

"அண்ணா, நான் கூப்பிட்டேனா?"

எனக்குப் புரியவில்லை என்பதுபோல் பார்த்தேன்.

"கூப்பிட்டேன்னுதான் எனக்கு ஞாபகம். அம்மாவ ரெண்டு மூணு தடவ கூப்பிட்டேன். ஆனா யாருக்குமே கேக்கல. பக்கத்து வீட்லயும் கேக்கலன்னு சொல்லிட்டாங்க. நீ மயக்கத்துல இருந்திருப்ப, கூப்பிட்ட மாதிரி தோணியிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மா அத நம்பவும் மாட்டேங்கறாங்க. டிவிய தூக்கி வெளிய வச்சுட்டாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நீங்க மாடிலதானே இருந்தீங்க."

இல்லை, கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டரே அரை மணி நேரத்தில் எதுவும் மாறியிருக்காது என்று சொல்லிவிட்டார். போலீசுக்கும் இது தெரியாது. அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. ஸ்டேஷனில்கூட இவ்வளவு பயப்படவில்லை.

"கூப்பிட்டம்மா" என்றேன். "மூணு தடவ. நாலாவது நான் படியில எறங்கறப்போ. எனக்குக் கேட்டுச்சு. நீ உக்காந்ததையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இடது பக்கம் பஞ்சு ஒட்டியிருந்தது. வலது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்படியில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். "இப்பவே. டிவி சத்தத்துல கேக்கலன்னு இருக்காங்க. பக்கத்துல ஒரு ஆளு கேட்டுக்கிட்டுதான் இருந்தாருன்னு சொல்லுங்க."

எஸ்தர் அம்மா டீத் தட்டோடு வந்தார். பின்னால் வசந்தாமணி. சொன்னேன். வசந்தாமணி இதை முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பது சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எஸ்தர் அம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே நின்றார். பிறகு, எழுந்து போங்கள் என்றார். போனோம்.

வீடு வரும்வரை வசந்தாமணி என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. பத்தடி முன்னால் போனாள்.

பிப்ரவரி 18, திங்கள்

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்றேன். எஸ்.ஐ. எழுத எழுத நிறுத்திக் கேட்டார். இதைச் சேர்த்தால் கோர்ட்டில் உங்களுக்கு நல்லதில்லை என்பது தெரியுமா என்றார். தெரியும் என்றேன். நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லையே என்றார்.

"ஜெபமணிக்குத் தெரியுமுங்க மேடம்" என்றேன். "அவங்க கூப்பிட்டது நெஜம்னு எங்கயாவது எழுதியிருக்கோணும்."

கையெழுத்துப் போட்டேன். நான்கு பக்கம்.

பிப்ரவரி 20, புதன்

வசந்தாமணி அவள் அண்ணன் வீட்டுக்கு உடுமலைப்பேட்டை போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. சாதமும் ரசமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

டூல் ரூமில் யாரும் இப்போது ஆறுதல் சொல்வதில்லை. விஷயம் பரவிவிட்டது. ஃபோர்மேன் வேலைச் சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறார், கையில் கொடுப்பதில்லை.

மாலையில் மாரப்பன் தள்ளுவண்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நின்றேன். நிமிர்ந்தார். அவரிடம் பொய் சொன்னதற்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவர் தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மறுபடி குனிந்துகொண்டார்.

பிப்ரவரி 22, வெள்ளி

சம்மன் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குக் கோர்ட். வக்கீல் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறார்.

மத்தியானம் எஸ்தர் அம்மா டிவியை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெபமணி ஒரு பக்கம் பிடித்திருந்தாள்.

பயமாகத்தான் இருக்கிறது. வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.